வெண்டலினின் வெள்ளிச் சுரங்கம்

மேலே வந்த வாளியில் மறுபடியும் சேறுதான் இருந்தது. வெண்டலின் கையை விட்டுத் துழாவினார். ஒரு தவளை தாவி ஓடியது.

"ஐயா, இந்த மலையில வெள்ளி இல்லைன்னு கோமகன்கிட்ட சொல்லிடலாமா?" என்றான் மேஸ்திரி ஜோப்ஸ்ட்.

"வாயை மூடுடா!" என்று வெண்டலின் அதட்டினார்.

லத்தீன் வாத்தியாராக நிம்மதியாக இருந்த மனிதர். 'நம் நாட்டின் செல்வம் மண்ணுக்கடியில் தூங்குகிறது. சுரங்கம் தோண்டினால் வரியே வேண்டாம். அண்டை நாட்டான் கடன் கேட்டு நம் வாசலில் வந்து நிற்பான்' என்று நாட்டை ஆளும் கோமகனுக்குத் திட்டம் எழுதிக் கொடுத்தார். நம்பித்தான் எழுதினார். கோமகன் அவரைக் கட்டித் தழுவிச் சுரங்க அதிகாரியாக்கினார். ஈயத்தைத் தங்கமாக்குகிறேன் என்று முன்பு வந்தவனையும் இப்படித்தான் தழுவினார். அவனைத் தொங்கவிட்ட தூக்குமரம் இன்னும் சந்தையில் நிற்கிறது.

'வெள்ளி இன்னும் ஆழத்தில் இருக்கிறது' என்று வெண்டலின் சொல்லியனுப்பினார். தோண்டுவதற்குக் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். 'தண்ணீர் ஊறுகிறது' என்றார். இறைப்பதற்குக் குதிரைகள் வந்தன. 'உள்ளே பூதம் இருக்கிறது' என்றார். பாதிரியார் வந்து ஜெபம் செய்து, பூதம் போய்விட்டது என்று அறிவித்தார். அவசரப்பட்டு அறிவித்துவிட்டார் என்று வெண்டலினுக்கு ஆத்திரம்.

"ஏங்க, சும்மா கழுத்தைத் தடவிக்கிட்டே உட்கார்ந்திருக்காதீங்க," என்றாள் மனைவி அப்பொலோனியா. "நம்ம வெள்ளிக் கரண்டியை உருக்கிப் பாறையில அப்பிடுங்க. பார்த்தா கோமகன் மனசு குளிர்ந்துடும். நாமளும் அதுக்குள்ள ஊரை விட்டு ஓடிடலாம்."

அப்பினார். அரண்மனைக் காரியஸ்தர் வந்தார், பார்த்தார், குதிக்காத குறையாக ஓடினார். அதே வாரத்தில் திரும்பி வந்து வெண்டலினின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உம்ம வெள்ளியை நம்பி நம்ம இளவரசருக்குப் பக்கத்து நாட்டுல பொண்ணு பேசி முடிச்சாச்சு! பெண் வீட்டுச் சுரங்க நிபுணர் நாளைக்குப் பார்க்க வர்றார். நீரே கூட்டிட்டுப் போய்க் காட்டணும். வாசல்ல காவல் போட்டிருக்கு, எல்லாம் உம்ம பாதுகாப்புக்குத்தான்."

"காவலா?" வெண்டலின் வாசலை எட்டிப் பார்த்தார்.

மறுநாள் நிபுணர் கிலியன் வந்தார். சிரிப்பே அறியாத முகம். இருவரும் ஏணியில் இறங்கினார்கள். கிலியன் விளக்கைப் பாறையருகே கொண்டுபோனார். மினுங்கியதை நகத்தால் பெயர்த்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கரண்டிக் காம்பு சரியாக உருகவில்லை. அதன் பூவேலைப்பாடு அப்படியே இருந்தது.

கிலியன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே தண்ணீர் இறைக்கும் சக்கரம் கிறீச்சிட்டது. தூக்குக்கயிறு இழுபடும் சத்தமாகவே அது வெண்டலினின் காதில் விழுந்தது. தடாலென்று சேற்றில் முழங்காலிட்டார்.

"ஐயா, இங்க வெள்ளியே இல்ல! அது எங்க வீட்டுக் கரண்டி. காட்டிக் கொடுத்துடாதீங்க, என்னைத் தொங்கவிட்டுடுவாங்க!"

கிலியன் ஏணியில் யாராவது வருகிறார்களா என்று அண்ணாந்து பார்த்தார். விளக்கைக் கீழே வைத்தார். குனிந்து வெண்டலினின் காதருகே வந்தார்.

"மெதுவாப் பேசுங்க ஐயா, எங்க கோமகன் பொண்ணுக்குச் சீதனமாக் கொடுக்கிற தங்கச் சுரங்கத்துல, நான் அப்பி வெச்சிருக்கிறது என் பொண்டாட்டி மோதிரம்."