கல்யாணம் நடந்துவிட்டதற்கு மாப்பிள்ளையே பொறுப்பு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். என் முழங்கால்கூட இந்த வாரம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நீங்களும் என் மகளும் அதேபோல் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வீட்டில் விமர்சனத்தைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாதென்று அவள் சட்டம் போட்டிருக்கிறாள். கடிதம் எழுதக் கூடாதென்று சொல்லவில்லை.

உங்கள் பத்திரிகையில் நீங்கள் எழுதிய இரண்டு விமர்சனங்களை வெட்டி, மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். ஒன்று எங்கள் இசைநாடகத்துக்கு, நீங்கள் என்னிடம் வந்து என் மகளைக் கேட்பதற்குச் சரியாக ஒரு வாரம் முன்னால் எழுதியது (அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை). மற்றது, அதே நாடகம் இப்போது படமாக வந்திருக்கிறதே, அதற்கு எழுதியது. மேடையில் அட்டை ரயில் ஆடிக்கொண்டே வந்தால் 'பார்வையாளரின் கற்பனையை மதிக்கிறார்கள்'. படத்தில் பாவம், நிஜ ரயிலையே கொண்டுவந்து நிறுத்தினார்கள், அதற்குப் பெயர் 'கற்பனை வறட்சி'. மேடையில் கோரஸில் ஒருத்தர் வரியை மறந்துவிட்டுத் திருதிருவென்று முழித்தால் அது உயிர்த்துடிப்பாம், படத்தில் அத்தனை பேரும் ஒழுங்காகப் பாடித் தொலைத்தால் உயிரே இல்லையாம். நாடகத்தில் பேச்சு பாட்டாக மாறினால் உள்ளம் பொங்குகிறது என்கிறீர்கள், படத்தில் அதே இடத்தில் பாடினால் 'திடீரென்று ஏன் பாடுகிறார்கள்?' என்று கேட்கிறீர்கள். அதெப்படி மாப்பிள்ளை? இரண்டிலும் மணப்பெண்ணுக்கு அம்மாவாக வருவது உங்கள் அத்தைதானே, அதே கல்யாணத்தைத்தானே நிறுத்துகிறாள்? அவள் கையைத் தூக்கி 'நிறுத்துங்கள்' என்று பாட்டை எடுத்ததும் 'கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்காருகிறது' என்று அன்றைக்கு எழுதினீர்கள். படத்தில் அந்தக் கை 'திரையைத் தாண்டி நம் மடியில் வந்து விழுகிறது, கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கலாம்' என்று முடித்துவிட்டீர்கள்.

அந்த 'வாசித்திருக்கலாம்' பண்ணின வேலையைக் கேளுங்கள். உங்கள் அத்தை எந்த வாத்தியத்தையும் வாசிப்பதில்லை. நம் குடும்பத்தில் வாசிப்பவன் நான் ஒருத்தன்தான், மேடைக்கு முன்னால் வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்தில் பியானோ வாசிக்கிறேன். படத்தில் வாசித்தது நான் இல்லைதான், வேறு யாரோ. ஆனாலும் மாமனாரை நேரே சொல்லக் கூசிக்கொண்டு மாப்பிள்ளை சாடையாகச் சொல்கிறார் போல, என்ன பண்பு என்று எனக்கு நெஞ்சே நிறைந்துவிட்டது. அதனால் போன சனிக்கிழமை நாடகத்தில், சத்தத்தைக் குறைக்கும் மிதியை அழுத்தின கால் அழுத்தினபடியே, பூனை நடக்கிற மாதிரி வாசித்தேன். பார்த்தால் உங்கள் அத்தையும் முணுமுணுவென்று பாடுகிறாள். அடடா, உங்கள் விமர்சனம் அவளை அல்லவா உடைத்துவிட்டது என்று எனக்குப் பகீரென்றது. அவள் குரலாவது வெளியே கேட்கட்டுமென்று நான் இன்னும் குறைத்தேன். அவள் அதைவிடக் குறைத்தாள். கடைசியில் கல்யாணக் காட்சியில் அவள் 'நிறுத்துங்கள்' என்றது மணமகனாக நடித்தவர் காதில் விழவே இல்லை. அவர் மோதிரத்தைப் போட்டுவிட்டார். முதல் பாதியில் நின்றுபோக வேண்டிய கல்யாணம் நடந்து முடிந்துவிட்டது, சபையில் கைதட்டு வேறு. அப்புறம் இரண்டாம் பாதி முழுக்க, கல்யாணம் நின்றதற்காக அத்தனை பேரும் உட்கார்ந்து அழுது பாடினோம். இயக்குநர் உங்கள் அத்தையைத் தனியே கூப்பிட்டு, வருகிற சனிக்கிழமையும் இப்படித்தான் என்றால் அந்த வேஷத்தை வேறு ஒருத்தருக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். பன்னிரண்டு வருஷமாக அவள் நிறுத்தி வந்த கல்யாணம், மாப்பிள்ளை. அது கையைவிட்டுப் போனால் அவள் தாங்க மாட்டாள், அவளைப் பார்த்துக்கொண்டு என்னாலும் இருக்க முடியாது.

ஆகவே சனிக்கிழமைக்குள் உங்கள் பத்திரிகையில் ஒரு திருத்தம் போடுங்கள். சொன்னது சினிமாவுக்கு, மேடைக்கு இல்லை என்று ஒரே ஒரு வரி போதும்.

நீங்களும் என் மகளும் மனமொத்து, முடிந்தால் விமர்சனமும் ஒத்து, பல்லாண்டு வாழ ஆசி கூறும்,
மாமனார்.

பி.கு.: நான் உறை தேடப் போன நேரத்தில் உங்கள் அத்தை இதை எடுத்துப் படித்துவிட்டாள். இன்னும் சிரிப்பை நிறுத்தவில்லை. அவளுக்கு உங்கள்மேல் வருத்தமே கிடையாதாம். படத்தில் தன் கை அவ்வளவு பெரிதாக வந்ததைப் பார்த்து அவளே தலையைக் குனிந்துகொண்டாளாம், நீங்கள் எழுதியது ரொம்பச் சரியாம். பிறகு சனிக்கிழமை ஏன் முணுமுணுத்தாய் என்று கேட்டேன். "பியானோவே கேக்கல. உங்களுக்குத்தான் உடம்புக்கு ஏதோ முடியலன்னு நினைச்சு, உங்களை விட்டுட்டுப் போக வேணாமேன்னு நானும் குறைச்சுக்கிட்டேன். அவர் எழுதினது எனக்கு. உங்களை யாரு அடக்கி வாசிக்கச் சொன்னது? நீங்க வாசிச்சாத்தான் எனக்குக் குரலே வருது" என்றாள். திருத்தம் வேண்டாம், மாப்பிள்ளை. முப்பத்தொரு வருஷம் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து வாசித்ததற்கு எனக்கு வந்த முதல் விமர்சனம் இது. நீங்கள் எழுதுவதெல்லாம் இனிமேல் இதற்கு அடுத்தபடிதான்.