ஒரு சொல்லுக்கு அனுமதி

பிறர் எழுதியதில் எவ்வளவு எடுத்தால் நியாயம், எவ்வளவு எடுத்தால் திருட்டு என்று பொதுமக்கள் தவியாய்த் தவித்ததால், எங்கள் நகரத்தில் நியாய அளவு அலுவலகம் திறந்தார்கள். பத்து சதவீதம் வரை நியாயம். அதற்கு மேல் திருட்டு.

நான் கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டுகிறவன். பூட்டு ரிப்பேர்க்காரர் தன் மனைவியின் கல்லில் அந்த அம்மாள் எழுதிய கவிதையை வெட்டச் சொன்னார். அனுமதிச்சீட்டு இல்லாமல் உளி எடுத்தால் என் பிழைப்பு போய்விடும். இருவருமாகப் போனோம்.

எங்களுக்கு முன்னால் ஒருவர், ஆயிரம் பக்கப் புத்தகத்திலிருந்து தொண்ணூறு பக்கத்தை உருவித் தன் பெயரில் போட்டிருந்தார். ஒன்பது சதவீதம். அதிகாரி எழுந்து கைகொடுத்து அனுப்பினார்.

அடுத்தது நாங்கள்.

"கவிதையில எத்தனை வார்த்தை?"

"பத்து சார். என்னைப் பத்தி எழுதினது."

"எத்தனை எடுக்கறீங்க?"

"பத்தும்தான்."

"நூறு சதவீதமா! பகல் கொள்ளையா இருக்கே!"

"என் பொண்டாட்டி எழுதினது சார்!"

"உரிமை பதிப்பகத்துக்குப் போயாச்சு. அவங்களைக் கேளுங்க."

"அதை இழுத்து மூடிட்டாங்க. கடைசிப் பூட்டைப் போட்டதே நான்தான்."

அதிகாரி கணக்குப் போட்டார். "உங்களுக்கு ஒரு வார்த்தை வரும்."

"அப்போ 'பூட்டு'ன்னு போட்டுக்கறேன்."

"அது படைப்போட இதயம். அளவு கம்மியா இருந்தாலும் இதயத்தைத் தொடக்கூடாது."

"'கதவு'?"

"அது நுரையீரல்."

கடைசியில் 'ஆனால்' கிடைத்தது.

ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிறவன், சொந்த வீட்டு வாசலில் மட்டும் தட்டிவிட்டுக் காத்து நிற்பான் என்பதுதான் கவிதை. கருத்தைச் சொல்லத் தடையில்லை, அதனால் சொல்கிறேன். அம்மாளின் பெயருக்குக் கீழே அந்த ஒற்றைச் சொல்லை வெட்டினேன். அவர் அதைத் தடவிப் பார்த்துக் குலுங்கி அழுதார்.

அதோடு விட்டார்களா ஊரார்? 'என்ன ஆழம்! என்ன மௌனம்!' என்று அறிவாளிகள் திரண்டு வந்தார்கள். சட்டையில் 'ஆனால்', காப்பிக் கோப்பையில் 'ஆனால்'. கவிதையைப் படித்தவர் ஒருவரும் இல்லை. நானும் யோக்கியன் இல்லை. இருபத்துமூன்று கல்லில் அதையே வெட்டிக் காசு பார்த்தேன்.

ஆறாம் மாதம் நோட்டீஸ் வந்தது. 'மேற்படி சொல் பெரும்புகழ் அடைந்துவிட்டபடியால், தற்போது அதுவே மேற்படி படைப்பின் இதயம் எனத் தீர்மானிக்கப்படுகிறது. உடனே நீக்குக. இனி எவரும் அச்சொல்லை எழுதவோ பேசவோ முன் அனுமதி பெறுக.'

ஊரே கொதித்தெழுந்து அலுவலகத்துக்குப் போனது. பூட்டு ரிப்பேர்க்காரர் முன்னால் நின்றார்.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "உத்தரவு சட்டப்படிதான் போட்டிருக்கு. ஒத்துக்கறீங்களா?"

"சட்டப்படிதான் சார்..." என்று ஆரம்பித்தவர் அங்கேயே நின்றுவிட்டார். அடுத்து வர வேண்டிய சொல்லுக்கு அனுமதி இல்லை. திரும்பி எங்களைப் பார்த்தார். இருநூறு பேர் வாயைத் திறந்தோம், மூடினோம்.

"சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தோம். மறுநாள் காலை நான் உளியை எடுத்துக்கொண்டு போய் அந்த அம்மாளின் கல்லைச் சுரண்டினேன்.