கருப்பு ஊசிக்கு வைத்த பொட்டு

பக்தி அதிகமான ஆளை லேபில் வேலைக்கு வைக்கக் கூடாது. ஒரு கல்லூரியில் வைத்தார்கள். அந்த ஆள் உங்கள் அப்பாவாகிய நான்தான்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால், உத்திரமேரூர்ப் பக்கம் நான் லேப் அட்டெண்டர். அங்கே எம்.எஸ்சி. படித்த பர்வீன், பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தவர் மகள். இரண்டு பொடிகளைக் கரைத்துக் கலந்து, மீசை முடி மாதிரிக் கருப்பு ஊசிகளை வளர்த்திருந்தாள்.

"தனித்தனியா ரெண்டுத்துலயும் கரண்ட் போவாதுண்ணே. ஒண்ணு எலக்ட்ரானைக் குடுக்கும், இன்னொண்ணு வாங்கிக்கும். சேர்ந்து ஊசியாயிடுச்சுன்னா கம்பியில போறாப்ல போவும்" என்றாள்.

(அது சாதாரண ஊசியில்லை என்று எனக்குப் புரிந்தது. அதுதான் ஆபத்து.)

ஆயுத பூஜை விடுமுறைக்கு முந்தின நாள் சென்னையிலிருந்து தேர்வாளர் வந்தார். ஊசியில் கரண்ட் போவதை அவருக்குக் காட்டினால்தான் பர்வீன் பாஸ். அன்று காலையில்தான் லேபில் பூஜை. மீட்டர், தராசு, பீரோ பூட்டு எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். டப்பாவுக்குள் கண்ணாடித் தகட்டில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே ஒட்டியிருந்த ஊசியை மட்டும் விட்டால் பாவமில்லையா? டப்பாவைத் திறந்து, விரலால் அழுத்தி ஒரு பொட்டு வைத்து மூடினேன்.

பதினொரு மணிக்குப் பர்வீன், டப்பாவைத் திறக்காமலே, வெளியே நீண்டிருந்த கம்பிகளை மீட்டரில் மாட்டினாள். முள் ஏறியது. அவளுடைய புரொபசர் முதல் எல்லோர் முகத்திலும் சிரிப்பு. ஊசியைக் காட்ட மூடியைத் திறந்தாள். மேலே ஃபேன் ஓடியது. முள் மெல்ல இறங்கி, பூஜ்யத்தில் உட்கார்ந்தது.

தேர்வாளர் குனிந்து முகர்ந்தார்.

"ஏம்மா, உன் சாம்பிள்ல சந்தன வாசனை வருதே?"

பர்வீன் லென்ஸ் வைத்துப் பார்த்தாள். ஊசி இரண்டாக முறிந்திருந்தது. அதுவரை கரண்ட் போனதெல்லாம் என் ஈரச் சந்தனத்தில்; ஃபேன் காற்றில் அது காயக் காய முள் இறங்கிவிட்டது.

"இன்னாண்ணே பண்ணி வச்சிக்கிறே!"

"பொட்டும்மா..."

"இதுக்கு நீ கல்லாலயே அடிச்சிருக்கலாம்ணே!"

புரொபசர் என்னைப் பார்த்த பார்வையில் சந்தனம் முழுசாகக் காய்ந்தது. தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்து, "அரை மணி நேரம் தரேன்" என்றார்.

ஊசி வளர்த்த குப்பியில் இன்னும் ஒரே ஒரு நீள ஊசி இருந்தது. பர்வீன் அதை எடுத்து, கரண்ட் கடத்தும் வெள்ளிப் பசை தொட்டுக் கம்பிகளுக்கு நடுவே ஒட்டினாள். "மூச்சு வுடாதண்ணே, பறந்துடும்" என்றாள். நான் விடவில்லை. பசை காய்கிறவரைக்கும் வராந்தாவில் போய் நின்று விட்டேன்.

முள் ஏறியது. ஏறினது ஏறினபடியே நின்றது. பர்வீன் பாஸ்.

அவள் பைண்டு போட்டு எனக்கும் ஒரு பிரதி கொடுத்த அறிக்கையின் நன்றிப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது: "சந்தனம் நீங்கலாக, மற்ற எல்லா உதவிகளுக்கும்." என் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு இடத்தில்தான். வீட்டுக்கு யார் வந்தாலும், காபிக்கு முன்னால் உங்கள் அம்மா எடுத்துக் காட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.