பழுத்த தண்ணீரும் பாழாய்ப்போன என் சுத்தமும்

செவ்வாய்க்கிழமை காலை

தம்பி ஹல்வாருக்கு அக்கா குன்வோர் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தான் ஓட்மாரும் நலம். அவருடைய முழங்கால் வலி நேற்றைக்கு இன்றைக்குத் தேவலை. நீயும் உன் வீட்டுக்காரி சிக்னேயும் நலமா என்று முறைப்படி கேட்க வேண்டும், ஆனால் கேட்க எனக்கு முகமில்லை. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மாதா கோயிலும் அதன் வேலியும்தான். இருந்தும் மூன்று வாரமாக நீ போனை எடுக்கவில்லை. கடையில் என்னைக் கண்டால் பால் வாங்க வந்தவன்போல் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்கிறாய். ஒரே நாளில் நான்கு பாக்கெட் பால் வாங்கியதைப் பார்த்தேன். அவ்வளவு பாலை நீ குடிக்க வேண்டாம் என்றுதான் தபாலில் எழுதுகிறேன்.

ஈஸ்டருக்கு மலைக் குடிலுக்குப் பனிச்சறுக்கப் போகும்போது மீன் பண்ணைச் சாவியை என் கையில் வைத்து நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "அக்கா, வேளாவேளைக்குத் தீனி போடு, மீட்டர்ல என்ன நம்பர்னு பாத்து எழுது. அவ்வளவுதான். கண்ணால பாரு, கையால தொடாத." நானும் சரி என்றேன், அந்த நேரத்தில் மனதார அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஹல்வார், முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளைக் கிருமி நீக்கிக் கொடுத்தவள் நான். என் அறையிலிருந்து போன ஒரு கத்தியாலும் ஒரு நோயாளிக்கும் சீழ் வைத்ததில்லை. அப்படிப்பட்டவளை ஒரு தொட்டியின் முன்னால் மூன்று நாள் நிறுத்தினாய். அந்தத் தொட்டிக்குள் சட்டைப் பொத்தான் அளவு பிளாஸ்டிக் சக்கரங்கள் ஆயிரக்கணக்கில் சுழல்கின்றன, ஒவ்வொன்றிலும் பழுப்பு நிறத்தில் வழவழவென்று பாசி மாதிரி ஏதோ அப்பியிருக்கிறது, அதில் புரண்டு வருகிற தண்ணீர்தான் நேராக மீன் குஞ்சுகளிடம் போகிறது. விடுமுறை முடிந்ததும் குஞ்சுகளை வாங்குகிறவர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று சிக்னே வேறு சொல்லியிருந்தாள். இந்த அழுக்கைப் பார்த்தால் என் தம்பியைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

அதனால் துணி துவைக்கும் வலைப்பைகளைக் கொண்டுவந்து சக்கரங்களை அள்ளி, ஆஸ்பத்திரியிலிருந்து பணி ஓய்வுப் பரிசுபோல் எடுத்துவந்த கிருமி கொல்லும் மருந்தில் ஊறவைத்து, வெந்நீரில் ஏழு தடவை அலசி, தொட்டிச் சுவரைப் பச்சை சோப்புப் போட்டுத் தேய்த்து, பெரிய வியாழனும் புனித வெள்ளியும் முதுகு ஒடிய வேலை செய்து, எல்லாவற்றையும் திரும்பப் போட்டபோது உன் பண்ணை பளிங்கு மாதிரி இருந்தது. நான் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றேன். என் தம்பி வந்து பார்த்துவிட்டு என்ன சொல்வான் என்று யோசித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

நீ வந்தாய், பார்த்தாய், தொப்பியைக் கழற்றினாய், வெளியே போய்விட்டாய். புதன்கிழமைக்குள் நாற்பதாயிரம் ஹாலிபட் மீன் குஞ்சுகளும் செத்து அவற்றின் தொட்டி அடியில் வெள்ளையாகப் படிந்துவிட்டன. நீ குழாய் வைத்து அவற்றை உறிஞ்சி எடுத்ததை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

உன் பண்ணையில் வேலை செய்கிற தூருன்தான் விஷயத்தை எனக்குப் புரியவைத்தாள். "அந்த வழவழப்புல குடியிருந்ததெல்லாம் சாதுக் கிருமிங்க, அத்தை. மெதுவா தின்னும், மெதுவா பெருகும், யாரையும் ஒண்ணும் பண்ணாது. அதுங்க இடத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறவரைக்கும் ரௌடிங்களுக்கு உள்ள இடமில்ல. நீங்க வீட்டையே காலி பண்ணிக் குடுத்துட்டீங்க. காலி வீட்டுக்கு முதல்ல ஓடி வர்றது யாரு?" என்றாள். "அப்ப நீங்க மருந்தே போடுறதில்லையா?" என்று கேட்டேன். "நல்லதுங்களை வளத்து வெச்சா மருந்துக்கு வேலையே வராது. அதுக்குத்தான் தண்ணியைப் பழுக்க வெக்கறோம்." தண்ணீர் பழுக்குமாம், ஹல்வார். அறுபத்தெட்டு வயதில் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் ஈடு குஞ்சுகள் இன்னும் இருட்டுத் தொட்டியில் இருக்கின்றன, இரண்டு வாரத்தில் அவற்றுக்குப் பழுத்த தண்ணீர் வேண்டும், புதிதாகப் பழுக்கவைக்க அத்தனை நாள் போதாது, அவையும் போனால் நீ பண்ணையைப் பூட்ட வேண்டியதுதான் என்று அவள் சொன்னாள். வேறு வழியே இல்லையா என்றேன். பழுத்த சக்கரங்கள் கொஞ்சம் கிடைத்தால் பாலுக்கு உறை ஊற்றுவதுபோல் போடலாம், ஆனால் பக்கத்தில் அது இருப்பது ஐனாரின் மீன் பண்ணையில் மட்டும்தான் என்றாள். படகுத்துறைச் சண்டைக்குப் பிறகு நீ ஒன்பது வருஷமாகப் பேசாத அதே ஐனார்.

நான் போனேன். படகேறி எதிர்த் தீவுக்குப் போய் அவர் வாசலில் நின்றேன்.

"ஹல்வார் அனுப்புனானா?"

"இல்ல. அவனுக்குத் தெரியாது. நானாத்தான் வந்தேன்."

"முப்பது வருஷமா கிருமியைக் கொன்ன பொம்பள, என் வாசல்ல கிருமிப் பிச்சை கேக்குது! உக்காருங்க, உக்காருங்க, இதை என் பொண்டாட்டியும் கேக்கணும்."

கேட்டார்கள், சிரித்தார்கள், வாஃபிளும் பழுப்புச் சீஸும் கொடுத்தார்கள், மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார்கள். நான் சொன்னேன். கடைசியில் தொள்ளாயிரம் சக்கரங்களை எண்ணி வாளியில் போட்டு, நோய் இல்லை என்ற பரிசோதனைச் சீட்டையும், தண்ணீருக்குக் காற்று ஊத ஒரு சின்ன பம்பையும் கொடுத்தார். வரும்போது படகில் வாளியை மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர் "அம்மா, வாளி நாறுதே" என்றார். "நாறட்டும், உங்களை யாரு மோந்து பாக்கச் சொன்னா?" என்றேன்.

வாளி இப்போது எங்கள் வாசல் நிழலில் இருக்கிறது. பம்ப் ஓடுகிறது. நான் அதைத் தொடவில்லை, தொடமாட்டேன். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போ. பேச வேண்டாம், எடுத்துக்கொண்டு போனால் போதும். நீயும் சிக்னேயும், இருட்டுத் தொட்டியில் இருக்கிற அந்தக் குஞ்சுகளும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் அக்கா
குன்வோர்

பின்குறிப்பு: தபால்தலை வாங்கக் கடைக்குப் போனவள் தூருனோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் தான் குடித்த காபிக் கோப்பையைக்கூடக் கழுவாத ஓட்மார், வாசல்படியில் உட்கார்ந்து, பழைய பல் பிரஷால், தொள்ளாயிரம் சக்கரங்களில் கடைசிச் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மற்றவை துண்டில் வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்தன. "மூணு வாரமா நீ ராத்திரியில தூங்கறதில்ல. எப்படியும் நீ இதைக் கழுவத்தான் போறே, இந்த ஒரு வேலையாவது உனக்கு மிச்சமாகட்டும்னு நானே முடிச்சுட்டேன், குன்வோர்" என்றார். விரலெல்லாம் சிவந்து கொப்பளித்திருந்தது. களிம்பு எடுத்துவந்து அவர் விரல்களில் தடவினேன். நாளை முதல் படகில் ஐனாரிடம் மறுபடி போகிறேன். இந்தத் தடவை அவர் தீவையே கூட்டிவைத்துச் சிரிப்பார், சிரிக்கட்டும். நீ சனிக்கிழமை கட்டாயம் வா. வந்து ஓட்மாரை ஒன்றும் சொல்லாதே, ஹல்வார். என்னைத் திட்டு. அதற்காகவாவது என்னிடம் பேசு.