ஒரு சொட்டு எண்ணெய் இல்லை

கோடைக்கானலில் ஆயிரம் வீட்டுச் சிப்ஸைத் தின்று, பல்லோடு திரும்பியவள் நான். ஆயிரம் கொஞ்சம் கூடுதல்தான். ஒரு சைபரை அழித்துவிடுங்கள். அப்போதும் மனம் ஒப்பவில்லையா, இன்னொன்றையும் அழியுங்கள். மிச்சமிருக்கும் பத்து வீட்டை வைத்தே அடித்துச் சொல்கிறேன்: மனிதரில் ஓர் இனம் உண்டு. ஓவன்காரர் என்று பெயர்.

அவரை அடையாளம் காண்பது கஷ்டமா? இல்லவே இல்லை. அவரே சொல்வார். வாசலில் நீங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள், "ஒரு சொட்டு எண்ணெய் இல்ல, தெரியும்ல?" என்பார். எதில் இல்லை என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால், கவுஞ்சியிலிருந்து வெள்ளனே வந்திறங்கிய கேரட்டையும் பீட்ரூட்டையும் கழுவி, தோலெடுத்து, தாள் கனத்துக்குச் சீவி, வெள்ளைத் துண்டில் பரப்பி, கைக்குழந்தைக்குத் தலை துவட்டுவதுபோல் ஒற்றியொற்றி எடுத்து, ஒன்றோடொன்று தோள் உரசாமல் தட்டில் அடுக்கி, ஓவனுக்குள் தள்ளி, கண்ணாடிக் கதவின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, டிவியில் மேட்ச் பார்ப்பதுபோல் பீட்ரூட் சுருங்குவதைப் பார்த்த கதை முழுவதையும் கேட்டாக வேண்டும். பிறகு தின்னவும் வேண்டும்.

வெளியே வரும்போது சிப்ஸ் மொறுமொறுதான்; மறுக்க மாட்டேன். "நல்லா ஆறணும்" என்று ஜன்னலைத் திறந்து வைப்பார் பாருங்கள், அங்கேதான் வினை. இது என்ன வத்தலக்குண்டா? ஜன்னலைத் திறந்தால் மேகமே உள்ளே வந்து சோபாவில் உட்காரும் ஊர். காப்பி ஆறுவதற்குள் சிப்ஸ் நமத்து, நனைந்த பஸ் டிக்கெட்போல் வளையும். ஓவன்காரர் கத்தியைத் திட்டுவார், கேரட்டைத் திட்டுவார், உப்பைத் திட்டுவார். மேகத்தை மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

எங்கள் பக்கத்து வீட்டு ரெக்ஸ் இந்த இனத்தின் தலைமகன். டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னார். இவர் ஓவன் வாங்கிவிட்டார். அவர் மகள் ஷெரினைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், சிப்ஸைக் கைக்குட்டையில் ரகசியமாக மடித்துக்கொண்டு மலையிறங்கியது. இறங்கியது இறங்கியதுதான். அதனால், அய்யம்பாளையத்திலிருந்து உபகாரமும் அவர் மனைவி ரெஜினாவும் மகனோடு வருகிறார்கள் என்றதும் ஷெரின் நேரே அப்பாவிடம் போய் நின்றாள். பையனும் அவளும் ஒரே பள்ளியில் டீச்சர்கள். இருவருக்கும் பிடித்துப்போய் ரொம்ப நாளாயிற்று. பெரியவர்கள் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

"அப்பா, இன்னிக்கு ஒருநா பஜ்ஜி போடுவோம்ப்பா. கையெடுத்துக் கும்புடுறேன்."

"ஏத்தா, வாற மனுசனுக்குச் சுகர். பஜ்ஜியக் குடுத்து ஆஸ்பத்திரிக்கா அனுப்பச் சொல்ற? நம்ம சிப்ஸத் தின்னாருன்னா இங்கனயே தேதி குறிச்சுருவாரு."

வந்தார்கள். மேகமும் கூடவே வந்தது. உபகாரம் உட்காருவதற்கு முன்பே பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார்.

"நம்ம கையால செஞ்ச வெண்டைக்கா சிப்ஸ். ஒரு சொட்டு எண்ணெய் இல்லைங்க."

ரெக்ஸின் முகம் போன போக்கைச் சொல்லவா வேண்டும்?

"எத்தன டிகிரிங்க?"

"நூத்தம்பது."

"நூத்தம்பதா! கருகிப்போகும்ங்க. நான் நூத்திமுப்பதத் தாண்டவே மாட்டேன்."

"நூத்திமுப்பதுல வச்சா, அது வேகுறதுக்குள்ள பேரப்புள்ளையே பொறந்துரும்ங்க."

கல்யாணமே முடிவாகவில்லை, பேரப்பிள்ளை வந்துவிட்டது! ஆனால் யாரும் சிரிக்கவில்லை. குரல்கள் ஏறின. "என்னைய ஒண்ணும் தெரியாதவன்னு சொல்றீங்களா?" என்றார் ஒருவர். "நான் எங்க சொன்னேன்?" என்றபடி மற்றவர் துண்டை உதறித் தோளில் போட்டார். ஷெரின் பையனைப் பார்த்தாள். பையன் தரையைப் பார்த்தான்.

இந்நேரம் அடுக்களையில் என்ன நடந்தது தெரியுமா? ரெக்ஸின் மனைவி கித்தேரியம்மாள், ஜன்னலோரம் நமத்துக்கிடந்த சிப்ஸை அள்ளி, காய்ந்த எண்ணெயில் போட்டுப் பொரித்துக்கொண்டிருந்தாள். ருசி பார்க்கும் பொறுப்பை நான் ஏற்றிருந்தேன். தட்டு வாங்கும் சாக்கில் ரெஜினா உள்ளே நுழைந்தாள், கையில் அவர்கள் டப்பாவோடு. கித்தேரியம்மாளின் கரண்டி அந்தரத்தில் நின்றது. போச்சு, சம்பந்தம் சட்டியில் விழுந்தது என்றே நினைத்தேன்.

ரெஜினா சட்டியைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். மெல்லக் கதவைச் சாத்தினாள்.

"மதினி, மலையேறுறதுக்குள்ள எங்களுதும் நமத்துப்போச்சு. இதையும் வெரசா போட்டு எடுத்துருங்க. நம்ம வீட்டுலயும் இதே சோலிதான்."

மதினி என்றாளே, அங்கேயே தேதி குறித்தாயிற்று.

இரண்டு தட்டுகள் கூடத்துக்குப் போயின. இரண்டு பேரும் கடித்தார்கள். நறுக். நறுக். அதற்குமேல் சண்டைக்கு எங்கே இடம்?

"உங்க நூத்தம்பதும் தப்பில்லைங்க" என்றார் ரெக்ஸ்.

"நூத்திமுப்பதுல இப்பிடி வரும்னு நெனைக்கலைங்க. பாருங்க, வெரலே பளபளங்குது! பீட்ரூட்டுச் சத்து" என்றார் உபகாரம்.

கல்யாணத்துக்கும் ஓவன் சிப்ஸ்தான் என்று ஆண்கள் இருவரும் முடிவு செய்தார்கள். அதற்கு எத்தனை டின் எண்ணெய் வாங்குவது என்று பெண்கள் இருவரும் முடிவு செய்தார்கள். ஷெரின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் திரும்பியது.

சிரிக்கிறீர்களா? உங்கள் வீட்டிலும் ஓவன் உண்டோ? இந்த அடைமழையிலும் உங்கள் டப்பாவில் சிப்ஸ் மொறுமொறுவென்றே இருக்கிறதோ? அப்படியானால், உங்கள் கெட்டித்தனத்தை மெச்சிக்கொள்ளுமுன் அடுக்களைக்குப் போய் எண்ணெய்த் தூக்கை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். நானும் அவ்வப்போது பீட்ரூட் வாட்டுகிறவள்தான். ஆனால் என் சங்கதி வேறு. என் சிப்ஸ் ஒருநாளும் நமத்ததில்லை. கைப்பக்குவம் அப்படி.

இந்த இடம்வரை நான் வாய்விட்டுப் படித்ததும், காப்பி கொண்டுவந்த என் மருமகள் சகாயராணி டம்ளரை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"கைப்பக்குவம் இல்லைங்கத்தே. கடலை எண்ணெய்."