என் கொள்ளுத்தாத்தாவின் சாய்வு நாற்காலி

“இந்த வீட்டை விட்டு சாய்வு நாற்காலி போனால், கூடவே நானும் போவேன்!” என்று சபதம் போட்டேன்.

“ரெண்டையும் ஒரே வண்டியில ஏத்திடலாம். பழைய சாமான்காரர் ஞாயித்துக்கிழமை வர்றாரு,” என்றாள் மனைவி.

சபதத்தை உடனே வாபஸ் வாங்கினேன். நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். துணி தொங்கும். ஆனால் சாய்ந்தால், என் முதுகுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை!

அப்போதுதான் பேப்பரில் அந்த விளம்பரம். பழைய வீட்டில் ஓவியர் ஒருவர் ஒரு மாதம் தங்கி, வீட்டின் வரலாற்றை ஆராய்வாராம். ஊரைக் கூப்பிட்டுக் காட்டுவாராம். ஒரே நிபந்தனை: அவர் அட்டை ஒட்டிய பொருளை யாரும் அசைக்கக்கூடாது. எங்களுடையது நூறு வருஷத்து வீடு. எழுதிப் போட்டேன். சனிக்கிழமையே வந்து இறங்கிவிட்டார்.

அந்த ஓவியர் அம்மாள் பேசினால் ஒவ்வொரு சொல்லும் பஞ்சு மெத்தையில் விழும். “சார்... இந்த நாற்காலி... என்னமோ சொல்லுது சார்...”

“சொல்லாதா பின்னே? எங்க கொள்ளுத்தாத்தா நாற்காலிங்க! காலையில சாஞ்சா சாயங்காலம்தான் எந்திரிப்பாரு. இந்த வீட்டைக் கட்டினதே அவர்தான்!”

இதில் ஒரு சின்னப் பிசகு. வீட்டைக் கட்டியது என் மனைவியின் கொள்ளுத்தாத்தா. நான் வீட்டோடு மாப்பிள்ளை. நாற்காலி, நான் ஏலத்தில் எடுத்தது.

திரும்பினால், வாசற்படியில் மனைவி. அவள் உண்மையைச் சொன்னால் நாற்காலி வண்டியில். அவளோ சிரித்தாள். இருபது வருஷத்தில் அந்தச் சிரிப்பை மூன்று தடவைதான் பார்த்திருக்கிறேன். மூன்று தடவையும் அடி எனக்குத்தான்.

“ஆமாங்க, பெரியவர் சாஞ்சுக்குவாரு. பாத்திரமெல்லாம் தேய்ச்சு முடிச்சப்புறம்.”

“பாத்திரமா...?”

“வேற யாரையும் தொட விடமாட்டாராம். அப்புறம் வீடு பெருக்கி, துணி துவைச்சு... ஏங்க, நீங்கதான சொன்னீங்க?”

நாற்காலியைப் பார்த்தேன். “ஆ... ஆமா. சொன்னேன்.”

“துவைக்கறப்ப பாட்டு வேற.”

“அதுவும்தான்.”

ஓவியர் நெஞ்சில் கை வைத்தார். “சார்... இதை எழுதி வெச்சா போதாது சார்... நீங்களே செஞ்சு காட்டணும். அதே ரத்தம்... அதே கை...”

நாற்காலிக்கு அட்டை ஒட்டி, சுற்றிக் கயிறும் கட்டினார்.

“நான் உட்காரலாமில்ல?”

“வரலாறு மேல யாராவது உட்காருவாங்களா சார்?”

மறுநாளிலிருந்து நான் தேய்த்தேன். ஊர் பார்த்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் வந்தார்கள். “மிஸ், அடிப்பிடிச்சது போகவே இல்ல மிஸ்!” என்றது ஒரு வாயாடிப் பெண். பாடவும் சொன்னார்கள். பாடினேன். இரண்டாவது வரியில் வரிசை கலைந்தது.

பத்தாம் நாள் மாலை ஐந்து மணி. நாற்காலி போனால் போகிறது! சட்டியைத் தொட்டியில் தொப்பென்று போட்டேன்.

“பொய்ங்க! எல்லாம் பொய்! கொள்ளுத்தாத்தாவை நான் பார்த்ததுகூட இல்ல! இது என் வீடே இல்ல, என் பெண்டாட்டி வீடு!”

ஓவியர் கண்ணில் நீர்.

“மேடம் அன்னிக்கே சொன்னாங்க சார்... பெரியவரும் சரியா அஞ்சு மணிக்கு சட்டியைப் போட்டுட்டு, ‘இது என் வீடே இல்ல’ன்னு கத்துவாராமே... அப்படியே வருது சார் உங்களுக்கு!”

கூட்டம் கை தட்டியது. கதவருகே மனைவி. அதே சிரிப்பு. ஐந்தாவது தடவை.

அன்றே தொட்டிக்கு மேல் புது அட்டை ஏறியது: ‘கொள்ளுத்தாத்தாவின் மறுப்பு. தினமும் மாலை ஐந்து மணி. ஞாயிறு இரண்டு காட்சிகள்.’