பெஞ்சு நகர்த்திய கணக்கு வாத்தியார்

முதல் பெஞ்சிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. கணக்கு வாத்தியார் ஒரு முனையைத் தூக்கியபடி அப்படியே நின்றுவிட்டார். மறுமுனையைப் பிடித்திருந்த பியூன், "கீழ வைங்க சார், என் கால்ல விழுந்துடும்" என்றார்.

"மூட்டை தூக்கினவர் மகன்யா நான். இதெல்லாம் ஒரு வலியா?"

இனி வகுப்பில் குழுவாகத்தான் படிக்க வேண்டும். கல்வி அதிகாரி வந்து பார்த்துத் திருப்தி என்று எழுதினால்தான் வாத்தியாருக்கு வேலை நிரந்தரம். தலைமையாசிரியை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். வாத்தியார் அசரவில்லை. மண்டியில் ஆள் பிரித்து மூட்டை ஏற்றியவர் அவருடைய அப்பா. ரத்தத்திலேயே இருக்கிற வித்தை.

முதலில் மதிப்பெண் பார்த்துப் பிரித்தார். நன்றாகப் படிக்கிற குழுவில், யார் தலைவர் என்று முடிவாவதற்குள் மணி அடித்துவிட்டது. படிக்காத குழுவில் அந்தத் தகராறே இல்லை. தலைவரைத் தேர்ந்தெடுத்து, தலைவரோடு சேர்ந்து தூங்கினார்கள்.

சரி, படிப்பில் பலசாலியோடு நோஞ்சானைச் சேர்ப்போம். பெஞ்சுகள் மறுபடி நகர்ந்தன. குழுவுக்கு ஒருத்தி மட்டும் சார்ட்டில் குழுவின் பெயரை எழுதிப் பூ வரைந்தாள். மற்றவர்கள் அவளுக்குப் பென்சில் சீவினார்கள். மறுநாள் காலையில் ஓர் அம்மா வாசலில் நின்றார்.

"என் பொண்ணு இங்க படிக்க வர்றாளா, மத்தவங்களுக்குப் பாரம் இழுக்க வர்றாளா?"

நண்பர்களாகச் சேர்த்தார், வகுப்பு சந்தைக்கடை ஆனது. பக்கத்து வகுப்பு டீச்சர் தன் பாடத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார். அடுத்து வாத்தியார் சீட்டுக் குலுக்கிப் போட்டார். பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேர் ஒரே குழுவில் விழுந்தார்கள். பெஞ்சின் நடுவே சாக்பீஸ் கோடு முளைத்தது. கோட்டைத் தாண்டிய ஸ்கேல் இரண்டாக உடைந்தது.

நாளைக்கு அதிகாரி வருகிறார் என்று தலைமையாசிரியை நினைவூட்டினார்.

"வரட்டும் மேடம். கைவசம் இன்னும் சரக்கு இருக்கு" என்றார் வாத்தியார். ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் வந்த அதிகாரி வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே எல்லாத் தலைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. எப்போதும் தூங்குகிறவன் விரலை நீட்டி வாதாடினான். கோடு போட்ட இருவரும் ஒரே தாளில் குனிந்து கட்டம் வரைந்துகொண்டிருந்தார்கள். பென்சில் சீவிய கூட்டத்துக்குப் பேச வாய் போதவில்லை.

வாத்தியார் உள்ளே வரச்சொல்லி அழைத்தார். அதிகாரி கையமர்த்தினார்.

"கலைச்சுடாதீங்க. பசங்க இப்படித் தானா விவாதிச்சு நான் பார்த்ததே இல்ல."

நின்ற இடத்திலேயே திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை நிரந்தரம்.

அவர் போனதும் வாத்தியார் மீசையைத் தடவிக்கொண்டு கடைசி பெஞ்சு வாயாடியிடம் போனார். எந்தக் கணக்கு இவர்களை இந்தப் பாடு படுத்தியது என்று தெரிந்துகொள்ள ஆசை.

"கணக்கு இல்ல சார். அடுத்து எங்கள எப்படிப் பிரிப்பீங்கன்னு பந்தயம் கட்டிக்கிட்டிருந்தோம். பெஞ்சு நகர்த்துனதுல பின்னம் பாடத்த நீங்க ஆரம்பிக்கவே இல்லையே, அது எங்களுக்கு இன்னும் பாக்கி."